ஏழாவதை இரண்டு முறை படித்தேன்

1968-ஆம் வருடம் அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி இருபது நிமிடம். காரைக்குடியில் அன்று காலையிலிருந்தே புழுக்கம். மூன்று மணிக்கு மேல் மேற்கே கருத்துக்கொண்டு வந்து, வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் நான் கையில் தாளோடு எழுந்து நின்ற நேரத்தில் ஓட்டின் மேல் முதல் தூறல் விழுந்தது. தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அந்தத் தாளில் பதினோரு வரிகள். படித்து முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழை அந்த மூன்று நிமிடத்தில் நடந்தது. அதுவும் யாரையும் கெடுக்க நினைத்துச் செய்யவில்லை. சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தேன்.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பி.காம். முடித்துவிட்டு ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் கடைவீதியில் வியாபாரிகள் விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டு பைசா, மூன்று பைசா என்று தர்மத்துக்காக ஒதுக்கிவைப்பார்கள். மகமை என்று அதற்குப் பெயர். வருடம் முழுக்கச் சேர்ந்த மகமையைத் தீபாவளிக்கு முன்னால் கூட்டம் போட்டு, கேட்டு வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பல வருடம் அதற்குக் கணக்கு வைத்திருந்த பெரியவர் மெட்ராஸில் மகன் வீட்டோடு போய்விட்டதால், 1967-இல் அந்தப் பொறுப்பு சம்பளமில்லாமல் என்னிடம் வந்தது.

முதல் வருடமே ஏமாந்தேன். சிங்கம்புணரியில் அநாதைப் பிள்ளைகள் விடுதி நடத்துவதாக ஒருவர் வந்தார். அச்சடித்த தாள், ரப்பர் முத்திரை, நெற்றியில் பட்டையாக விபூதி. நூற்றைம்பது ரூபாயும் முப்பது கால்சட்டையும் கொடுத்து அனுப்பினோம். பொங்கலுக்குள் சங்கத்து ஆள் ஒருவர் சந்தைக்குப் போன இடத்தில் விசாரித்தால், அந்த முகவரியில் தேங்காய் நார் அடைத்த கிட்டங்கி ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளையும் இல்லை, விடுதியும் இல்லை. அதற்குப் பிறகு கடைவீதியில் நான் சைக்கிளில் போகும்போதெல்லாம் ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் கல்லாவில் இருந்தபடியே கேட்பார். "என்ன கணக்கரே, நம்ம பிள்ளைக எல்லாம் பாஸாயிட்டாகளா?"

வீதியே சிரிக்கும். ஒரு வருடம் முழுக்க அதைக் கேட்டேன். எத்தனை தடவை என்று எண்ணியும் வைத்திருந்தேன். நாற்பத்தொன்றோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஆகவே 1968-இல் யாரும் என்னை ஏமாற்ற முடியாது என்று தீர்மானம் செய்துகொண்டேன். அந்த வருடம் மகமை இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். விண்ணப்பங்கள் இருபத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஐம்பது மதிப்பெண் என்று ஓர் அட்டவணை போட்டேன். இடத்தை நேரில் பார்த்தேனா, பயன் பெறுகிறவர்கள் உண்மையில் இருக்கிறார்களா, எத்தனை பேர், கணக்கு இருக்கிறதா, ரசீது இருக்கிறதா என்று ஐந்து தலைப்பு, தலைப்புக்குப் பத்து. சாக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் பெஞ்சு கேட்டிருந்தது. சைக்கிளில் போய்ப் பிள்ளைகளையும் பெஞ்சுகளையும் எண்ணினேன். பெஞ்சுக்கு ஏழு பிள்ளை என்று வந்தது. நாற்பது மதிப்பெண் கொடுத்தேன். தேவகோட்டையில் ஒரு வாசகசாலை புத்தகம் வாங்கப் பணம் கேட்டது. போய்ப் பார்த்தால் மூன்று செய்தித்தாளும் ஒரு கேரம் போர்டும்தான் இருந்தன. ஐப்பசி மழையில் தண்ணீர்ப் பந்தல் போடப் பணம் கேட்டு ஒருவர் வந்திருந்தார். அவருக்குப் பூஜ்யம்.

பழைய பேரேட்டைப் புரட்டியபோது மூன்று வருடமாக ஒரு பதிவு இருந்தது. 'அரிசி வகைக்கு ரூ. 300.' யாருக்கு, எதற்கு, ஒன்றும் இல்லை. 1967-இல் நானே அதைப் பழைய வழக்கம் என்று கேள்வி கேட்காமல் கொடுத்திருந்தேன். வாங்கியவர் கடைவீதியில் அரிசிக் கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர். அறுபது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். இந்த வருடம் விண்ணப்பமும் கொடுக்கவில்லை. போய்க் கேட்டேன்.

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உட்காரவைத்துச் சொன்னார். பர்மாவில் கடைகளை அங்கே உள்ள சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு, அங்கே கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த நம் ஊர்க் குடும்பங்கள் சில ஒன்றுமில்லாமல் போய்விட்டன. வீடு பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். உள்ளே அரிசி கிடையாது. வெளியில் போய்க் கேட்கவும் மாட்டார்கள். அப்படிப் பதினோரு வீட்டுக்கு மாதம் முதல் தேதி அரிசி போகிறது. மகமை முந்நூறு ரூபாய் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். மீதி மாதங்களுக்கு அவரும் அவருக்குத் தெரிந்த இரண்டு பேரும் போட்டுக்கொள்கிறார்கள்.

எந்தெந்த வீடு என்று கேட்டேன். அவர் கல்லாப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, "அதை மட்டும் கேக்காதீக தம்பி" என்றார்.

இது சங்கத்துப் பணம், நான் பதில் சொல்ல வேண்டியவன் என்று சொல்லிப் பார்த்தேன். சிங்கம்புணரிக் கதையையும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நம்பிக்கை இல்லைன்னா இந்த வருசம் விட்டுருங்க. நான் சங்கடப்பட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வந்த ஆளுக்கு அரிசி அளக்க எழுந்துபோனார்.

விட்டிருக்கலாம். ஆனால் எனக்குப் பேரேட்டில் ஒரு வரி விளக்கமில்லாமல் நின்றால் சோறு இறங்காது. அதோடு, உண்மையாகவே அந்த ராவுத்தர் பொய் சொல்லவில்லை என்று என் மனதுக்குப் பட்டது. அப்படியானால் அதை நிரூபித்து, மற்ற எவரையும்விட அதிகமாக அவருக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அக்டோபர் முதல் தேதி கடையில் அரை நாள் லீவு போட்டேன். மதியம் இரண்டு மணிக்கு, ஊரே சாப்பிட்டுவிட்டு உறங்குகிற வெயிலில், ராவுத்தரின் கைவண்டிக்காரர் அரிசிச் சிப்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அரைத் தெரு தள்ளி நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். வண்டி பின்தெருக்களில் மட்டுமே போயிற்று. ஒவ்வொரு பின்வாசலிலும் அவர் தட்டுவதில்லை. சிப்பத்தைக் கதவோடு சாய்த்துவைத்துவிட்டுத் தொண்டையைச் செருமுவார். அவர் பத்தடி போன பிறகு கதவு அரையளவு திறக்கும். ஒரு கை மட்டும் வெளியே வந்து இழுத்துக்கொள்ளும்.

நான் கையைப் பார்க்கவில்லை. கதவை எண்ணினேன். தெருமுனையிலிருந்து எத்தனையாவது என்று குறித்துக்கொண்டு, சுற்றி முன்தெருவுக்குப் போய் அதே எண்ணிக்கையில் முன்வாசலைக் கண்டுபிடித்துக் கதவு எண்ணை எழுதினேன். பதினோரு சிப்பம் கிளம்பியது, பதினோரு கதவு, ஒன்றுகூட வழியில் விலைக்குப் போகவில்லை. மூன்றேகால் மணிக்கு வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நாற்பது மதிப்பெண் கொடுத்தேன். ரசீது இல்லாததற்காக மட்டும் பத்தைக் குறைத்தேன்.

அக்டோபர் 13-க்கு வருகிறேன். சங்கத்தில் தலைவரோடு சேர்த்து ஒன்பது பேர். மற்ற விண்ணப்பங்கள் முடிந்து, 'அரிசி வகை, பதினோரு வீடு' என்று நான் சொன்னதும், ஜவுளிக் கடைக்காரர் வழக்கம்போல், இந்தப் பதினோரு வீடும் சிங்கம்புணரியிலா இருக்கிறது என்று கேட்டார். சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. இல்லை, நேரில் பார்த்தேன், அத்தாட்சி இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து தாளைப் படித்தேன். பேர் ஒன்றும் போடவில்லை. தெருவும் கதவு எண்ணும் மட்டும்தான். பேரை விட்டுவிட்டால் கௌரவத்தைக் காப்பாற்றியதாகும் என்று அன்று முழுமனதோடு நம்பினேன். காரைக்குடியில் ஒரு தெருவைச் சொல்லி ஓர் எண்ணைச் சொன்னால், அந்த வீட்டில் மூன்று தலைமுறைக்கு யார் யார் என்று ஒன்பது பேருக்கும் தெரியும் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது வரியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. தூறல் சத்தம் மட்டும் கேட்டது. என் கணக்கின் சுத்தத்தைக் கண்டு வாயடைத்துப்போனார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உரக்கப் படித்தேன். தலைவர் கையை லேசாக உயர்த்தினார். நான் அதைக் கவனித்தேன். முடித்துவிட்டுப் பேசச் சொல்லலாம் என்று படித்துக்கொண்டே போனேன். பதினொன்றையும் முடித்தபோது, மூலையில் இருந்த பாத்திரக் கடைக்காரர் ஒருவர், அதுவரை வாயே திறக்காதவர், மெதுவாகக் கேட்டார். "அந்த ஏழாவதைத் திரும்பப் படிங்க."

தெளிவாக, எண்ணைத் தனித்தனியாகப் பிரித்துப் படித்தேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து, மழையைப் பார்க்கிறவர்போல் வாசலுக்குப் போனார். திரும்ப உள்ளே வரவில்லை.

தலைவர் ஐந்நூறு ரூபாய் என்றார். யாரும் எதிர்க்கவில்லை. அந்த வருடத்தில் அதுதான் பெரிய தொகை. போகும்போது அவர் என்னிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அட்டவணையின் மேல் அவருக்கு இருந்த மதிப்பு என்றே அதையும் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பணத்தை எடுத்துக்கொண்டு அரிசிக் கடைக்குப் போனேன். ராவுத்தர் உறையைத் தொடவில்லை. எதிரே இருந்த மூட்டையைக் காட்டி உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

"தம்பி, நான் யாருக்கும் தர்மம் கொடுக்கலை. பதினோரு வீட்டுக்குக் கடன் கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் பற்றுச் சீட்டு இருக்கு. பர்மாப் பணம் வந்ததும் தீத்துருவோம்னு அவுக சொல்லுவாக. சரின்னு எழுதிக்குவேன். வராதுன்னு எனக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருந்துக்குவாக. மகமைன்னு ஒண்ணு இதுல இருக்குறது எனக்கும் உங்க பழைய கணக்கருக்கும் மட்டும்தான் தெரியும்."

பிறகு ஏழாவது வீட்டைப் பற்றிச் சொன்னார். அந்த வீட்டுச் செட்டியார் 1964-இல் ஒரே ஒரு டிரங்குப் பெட்டியோடு ரங்கூனிலிருந்து வந்து, அடுத்த வருடமே காலமாகிவிட்டார். ஆச்சியும் பத்தொன்பது வயது மகளும் மட்டும். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடிவாகியிருந்தது. கடனில் இருக்கிறார்கள் என்பது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும். கடன் எல்லா வீட்டிலும் இருக்கிறது. மகமை அரிசி என்பது வேறு. மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையில் ஒருவர் நம் சங்கத்தில் இருக்கிறார்.

யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நேத்துக் காலையில பேச்சை முறிச்சுட்டாக" என்றார் ராவுத்தர். "நல்லது நெனச்சுத்தான் செஞ்சீக. அதனாலதான் உங்களை என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை."

ஐந்நூறு ரூபாய் உறையோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நம் வீட்டில் இன்றைக்கு உலை வைத்தோமா இல்லையா என்று ஒருவன் கொல்லைப்புறத்தில் நின்று குறித்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் படித்தால் எப்படி இருக்கும் என்றாள்.

தீபாவளி கழிந்து எட்டாம் நாள், காலை பத்தரை மணிக்குச் சங்கத்துக்கு ஒரு பெண்மணி வந்தார். நாற்பத்தெட்டு, ஐம்பது வயது. நரைத்த தலை, வெளுத்த வெள்ளைப் புடவை, நிமிர்ந்த நடை. தலைவரும் நானும் மட்டும் இருந்தோம். தலைவர் சட்டென்று எழுந்து, "வாங்க ஆச்சி" என்றார். அவர் உட்காரவில்லை. மடியிலிருந்து துணி முடிச்சை எடுத்து மேசைமேல் அவிழ்த்தார்.

"நீங்கதான் கணக்குப் பாக்குறவுகளா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன்.

"முப்பத்தாறு மாசம். மாசம் இருபத்து மூணரை ரூவா. எண்ணூத்தி நாப்பத்தாறு வருது. ராவுத்தர்கிட்டக் கொண்டுபோனேன், வாங்க மாட்டேங்குறாரு. மகமையில இருந்து தின்ன அரிசிக்கு உண்டான பணம்னு எழுதி ரசீது போட்டுத் தாங்க."

தலைவர், இது வேண்டாம் ஆச்சி, இதெல்லாம் யாரும் கேட்கவில்லை என்று ஏதேதோ சொன்னார். ஆச்சி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"கடன்லதான் சாப்பிடுறோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். மத்த பத்து வீட்டையும் ஒரு தடவை படிச்சீகளாம். எங்க வீட்டை ரெண்டு தடவை படிச்சீகளாமே. ரசீதையும் ரெண்டாப் போடுங்க. ஒண்ணு எனக்கு, ஒண்ணு படிக்கிறதுக்கு."

தலைவர் எழுது என்பதுபோல் எனக்குக் கண் காட்டினார். எழுதினேன். ஆயிரக்கணக்கில் ரசீது எழுதியவன் நான். அன்றைக்கு எண்ணூற்று நாற்பத்தாறை எழுத்தால் எழுதும்போது இரண்டு முறை அடித்து, மூன்றாவது தாளில்தான் சரியாக வந்தது. அவர் அந்த ரசீதை ஒரு வார்த்தை விடாமல் படித்துப் பார்த்துவிட்டு, நாலு மூலையும் சேர மடித்துக்கொண்டு போனார். அவர் போனதும் தலைவர், அந்த வீட்டில் தீபாவளிக்கு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளிக்காசு கொடுத்த காலத்தைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். நான் அன்றே ராவுத்தர் தொடாத அந்த ஐந்நூறு ரூபாய் உறையையும் ஒப்படைத்துவிட்டு, பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தேன். அவர் மறுக்கவில்லை.

நவம்பர் முதல் தேதி கைவண்டி கிளம்பியது என்றும், ஒன்பது கதவு திறக்கவே இல்லை என்றும் வண்டிக்காரர் சொல்லித் தெரிந்தது. தொண்டையைச் செருமியும், பத்தடி தள்ளி நின்றும், சிப்பம் கதவோரம் அப்படியே இருந்திருக்கிறது. வெயிலில் இரண்டு சுற்று வந்து பார்த்துவிட்டு ஒன்பதையும் ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டார். அந்த ஒன்பது வீட்டில் அந்த மாதம் என்ன சமைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத கணக்கு அது.

ஆச்சி அந்தப் பணத்துக்கு எங்கே போனார் என்பதுதான் என்னை வாட்டியது. மூன்று வெள்ளிக் கடைகளில் விசாரித்தேன். மூன்றாவது கடையில் தெரிந்தது. மகளுக்குச் சீராகக் கொடுக்க வைத்திருந்த வெள்ளிச் சாமான்களைக் கொண்டுவந்து போட்டிருந்தார். தட்டு, கும்பா, சொம்பு, குங்குமச் சிமிழ் என்று பதினேழு உருப்படி. கடைக்காரர் இன்னும் உருக்கவில்லை. எண்ணூற்று ஐம்பதுக்கு வாங்கியதை எனக்குத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு என்றார். என்னிடம் நானூறுதான் இருந்தது. மீதியைக் கூட்டுறவு நாணயச் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டினேன்.

ஒரு பழைய போர்வையில் சுற்றிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு, இந்த முறை முன்வாசல் வழியாகப் போனேன். ஆச்சி கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லி, பாயைப் போட்டு, மகளைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண் சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூண் ஓரமாக நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள் உள்ள கூடத்தில் என் போர்வை மூட்டை சின்னதாகக் கிடந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். என்னென்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ஆச்சி முழுதாகக் கேட்டுவிட்டு, மூட்டையை அவிழ்க்காமலே என் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துட்டுப் போங்க. இதை நான் வாங்கிக்கிட்டேன்னா, நீங்க இதை எங்குட்டுப் போயி யாருகிட்டச் சொல்லப் போறீகளோன்னு தெனமும் பயந்துக்கிட்டே இருக்கணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையிலேயே என்னைப் பார்த்துப் பயந்தார். அது என் மேல் விழுந்த அடி. வாழ்நாளில் ஒருவரும் என்னைப் பார்த்துப் பயந்ததில்லை.

வெள்ளி எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தது. மனைவி ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை. நான் ராவுத்தரிடம் போய் வந்துகொண்டிருந்தேன். கதவைத் திறந்த இரண்டு வீட்டில் ஒன்றின் அரிசிச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். அவர் சம்மதித்தார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. அவர் நான் கேட்பேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை என்றதும்தான் ஒரு டீ வாங்கிவரச் சொன்னார்.

1972-இல், சித்திரை மாதம், அவரே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் பெண்ணுக்குத் தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கிடைத்திருக்கிறார், வைகாசியில் கல்யாணம், அந்த வெள்ளி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கொண்டுவந்து தன்னிடம் கொடுக்கச் சொன்னார். நான் அப்போதே வெள்ளியைத் தன்னிடம் விற்றுவிட்டதாகவும், தான் அதைப் போட்டுவைத்திருந்ததாகவும் ஆச்சியிடம் சொல்லி, அதே எண்ணூற்று நாற்பத்தாறு ரூபாய்க்குப் பற்று எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். மாதம் பத்து ரூபாய் வீதம் அடைப்பதற்கு ஆச்சி ஒத்துக்கொள்வார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அது பொய்யில்லையா ராவுத்தரய்யா?" என்று என் வாயில் வந்துவிட்டது.

அவர் சிரித்தார். "பொய்தான். அல்லாகிட்ட அதுக்கு நான் கணக்குச் சொல்லிக்கிறேன். நீங்க அதை எழுதி வச்சுராதீக."

கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை, வரவேண்டியதும் இல்லை. பதினேழு உருப்படியும் போய்ச் சேர்ந்தன என்று ராவுத்தர் சொன்னார். ஆச்சி மாதா மாதம் பத்து ரூபாயைத் தவறாமல் கட்டினார். அந்தப் பணத்தை ராவுத்தர் என்னிடம் கொடுத்ததும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. எந்த வீட்டு அரிசியிலோ சேர்ந்திருக்கும்.

1975-ஆம் வருடம் மார்ச் மாதம் ராவுத்தர் காலமானார். மலேயாவில் இருந்த அவர் மகன் வந்து கடையை மூடினார். பற்றுச் சீட்டுகளைத் தேடிப் பார்த்ததாகவும், ஒன்றும் இல்லை என்றும் என்னிடம் ஆச்சரியப்பட்டார். எங்கே போயின என்று எனக்கும் தெரியாது.

இப்போது என் பிள்ளைகள் வெளியூரில் இருந்துகொண்டு தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்கிறார்கள். இத்தனை ஆயிரம் ஒதுக்கியிருக்கிறோம், எந்த ஆசிரமத்துக்கு, எந்தப் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்று அப்பாவிடம் கேட்டால் சரியாகச் சொல்வார் என்று இன்னும் நம்புகிறார்கள். பணம் போய்ச் சேருகிறதா என்று மட்டும் விசாரிக்கச் சொல்கிறேன். யாருக்குப் போய்ச் சேருகிறது என்று முகத்தைத் தேடாதீர்கள் என்கிறேன். சாப்பிடுகிற பிள்ளைகளின் போட்டோவை அனுப்புகிற இடங்களுக்கு நான் சொல்லி அவர்கள் கொடுத்ததில்லை. ஏன் என்று காரணம் கேட்பார்கள். இதுவரை சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன், அதுவும் தெருவும் எண்ணும் இல்லாமல்.

கணக்கு என்று இருந்தால் அதை முடித்து வைக்க வேண்டும். வெள்ளிக்கு ரூ. 984. கடனுக்கு வட்டி ரூ. 118. ஒரு வீட்டு அரிசி, 1968 நவம்பரிலிருந்து 1975 மார்ச் வரை எழுபத்தேழு மாதம், மாதம் ரூ. 23.50 வீதம் ரூ. 1,809.50. தை மாதம் நடக்க வேண்டிய கல்யாணத்துக்காக அந்தப் பெண் கூடுதலாகக் காத்திருந்த மூன்று வருடம் நாலு மாதத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதை விட்டுவிட்டுக் கூட்டினால், அந்த மூன்று நிமிட வாசிப்பு எனக்கு வைத்த செலவு மொத்தம் ரூ. 2,911.50.